பீட்லாக்: வெளியே வளையமா, உள்ளே ட்யூபா?

பாறைப் பாதையில் டயர் காற்றை 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். டயரின் கம்பி வைத்த விளிம்பைத்தான் பீட் என்கிறோம். சாதாரண ரிம்மில் அதை அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் பிடியும் தளரும். சாய்ந்த பாறையில் பக்கவாட்டில் ஓர் இடி விழுந்தால் பீட் நழுவி, மிச்சக் காற்றும் போய்விடும். பீட் அப்படி நழுவாமல் ரிம்மோடு பூட்டிப் பிடிப்பதுதான் பீட்லாக். 15க்கு மேல் வைத்தே ஓட்டுகிறவருக்கு நல்ல சாதாரண ரிம் போதும். போல்ட் தலைகளை மட்டும் ஒட்டிவைத்த அலங்கார வீல்களும் கிடைக்கின்றன. அவை எதையும் பிடிக்காது.

உண்மையான பீட்லாக்கில் பெரும்பாலானவர்கள் யோசிப்பது இரண்டு வகைகளை. ஒன்றில், வெளிப்பக்க பீட்டை ரிம்முக்கும் ஒரு வளையத்துக்கும் நடுவே வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குவார்கள். மற்றொன்றில், கெட்டியான உறை போட்ட ட்யூப் டயருக்குள்ளேயே உட்கார்ந்து, தனி வால்வு வழியாக அதிகக் காற்றேற்றி, இரண்டு பக்க பீட்டையும் ரிம்மின் ஓரத்துக்குத் தள்ளிப் பிடிக்கும். நான் வாங்கியது வெளிவளையம்: 17 அங்குல ரிம், 35 அங்குல டயர், மூன்று வருடமாக ஓடுகிறது. உள்ட்யூபை நண்பரின் வண்டியில் இரண்டு நீண்ட பயணங்களில் மட்டும் ஓட்டியிருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் பார்த்தால் உள்ட்யூப்தான் ஜெயிக்கும். இரண்டு பீட்டையும் பிடிக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீல் மாதிரியே இருக்கிறது, கையில் இருக்கும் ரிம்மையே வைத்துக்கொள்ளலாம். வெளிவளையமோ ஒரு பக்கத்தை மட்டும் பூட்டுகிறது; உள்பக்க பீட் இன்னமும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நான் வளையத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பராமரிப்பு.

கேட்கிறவர்கள் உடனே எதிர்க்கேள்வி போடுவார்கள். வீலுக்கு 32 போல்ட், நான்கு வீலுக்கு 128. இதையா பராமரிக்க லேசு என்கிறாய்? லேசு என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பராமரிப்பு என்கிறேன். வளையத்துக்கு அடியில் இருப்பது ரப்பர். அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல அமுங்கும், அமுங்க அமுங்க போல்டின் இறுக்கம் குறையும். கவனிக்காமல் விட்டால் காற்று கசியும், வளையம் அசையும், அசைவு தாங்காமல் போல்ட் ஒவ்வொன்றாக முறியும். ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, போல்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டிக்கொடுத்துவிடும். புது டயர் மாட்டியதும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு பாறைப் பயணத்துக்கு முன்பும் ஒரு தடவை பார்க்கிறேன். பாறையில் உரசி ஒரு போல்டின் தலை நசுங்கினால், அந்த இடத்திலேயே மாற்றிவிடலாம். உள்ட்யூப் உரசிக் கிழிந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது; அதன் வால்வில் காற்றை அளந்தால்தான் சந்தேகமே வரும். கிழிசலை டயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நண்பருக்கு அப்படித்தான் ஆனது. மலைச்சரிவில் ஒரு ட்யூப் காற்றை விட்டதே பீட் நழுவிய பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை முழுக்க அந்த டயரோடு மல்லுக்கட்டினோம்.

மாட்டுவதும் வெளிவளையத்தில் கையாலேயே முடியும், டயர் மாற்றும் மெஷின் வேண்டாம். உள்பக்க பீட்டைச் சோப்புத் தண்ணீர் தடவி ரிம்முக்குள் தள்ளி, வெளிப்பக்க பீட்டை அதன் இருக்கையில் வைத்து, வளையத்தைப் போட்டு, எல்லா போல்டையும் முதலில் விரலால் திருக வேண்டும். பிறகு எதிரெதிராக, நாலைந்து சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். என் வீலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு 27 நியூட்டன் மீட்டர். உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம். மரையில் எண்ணெய்ப் பசை போடுவதா, உலர்வாக விடுவதா என்பதையும் அவர் சொன்னபடியே செய்யுங்கள், ஏனென்றால் பசை இருந்தால், ரெஞ்ச் அதே அளவைக் காட்டும்போதே போல்ட் கூடுதலாக இறுகிவிடும். போல்டைத் தட்டித் தட்டி இறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். வளையம் இறுகிய பிறகுதான் காற்றேற்றி உள்பக்க பீட்டை உட்கார வைக்க வேண்டும். கழற்றும்போது இதற்கு நேரெதிர்: காற்று முழுவதும் வெளியேறாமல் ஒரு போல்டைக்கூடத் தொடக் கூடாது.

வீல் உதறாமல் சுற்ற எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கில்தான் நான் தடுமாறினேன். முதல் தடவை மாட்டியபோது 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறியது. வெயிட் மேல் வெயிட் ஒட்டியும் நிற்கவில்லை. சாதாரண ரிம்மில் காற்றே டயரை நடுவில் உட்கார வைத்துவிடும். இதில் வெளிப்பக்கத்தை நடுவில் வைப்பது நம் கை. டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய வட்டக்கோடு ஒன்று அச்சாகியிருக்கும். வளையத்தின் ஓரத்திலிருந்து அந்தக் கோடு வரை நாலு இடத்தில் அளந்தேன். ஓரிடத்தில் 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்கிய பிறகு, ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய கொஞ்சம் வெயிட்டே போதுமானதாக இருந்தது. பேலன்சுக்காக டயருக்குள் சிறு மணிகளைக் கொட்டும் முறையும் உண்டு. உள்ளே ஈரம் இருந்தால் அவை கட்டிதட்டிவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பல வெளிவளைய வீல்களைச் சாலைக்கு உரியவை அல்ல என்று குறிப்பிட்டுத்தான் விற்கிறார்கள். ஃபோர்டு எஃப்-150 ராப்டர், ஜீப் ராங்லர் ரூபிகான் 392 போன்ற வண்டிகளில், பூட்டும் வளையத்தைப் பிற்பாடு மாட்டிக்கொள்ளத் தோதான வீல் தொழிற்சாலையிலிருந்தே கிடைத்தது. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை, பாறை எப்போதாவதுதான், சாலை விதியும் கண்டிப்பு என்றால், நண்பரின் உள்ட்யூபைத்தான் நானும் யோசித்திருப்பேன்.