ரோலர் கைடா ரிங் கைடா? பெரிய மீனுக்கு ராடு கட்டுறவங்களுக்கு ஒரு அலசல்

கடலுக்குப் போற கனமான ராடு ஒண்ணு புதுசா கட்டணும்னாலும் சரி, பழசைப் பிரிச்சு கட்டணும்னாலும் சரி, முதல்ல வந்து நிக்கிற கேள்வி இதுதான்: லைன் நுழைஞ்சு போக ராடு மேல கட்டுற கைடுங்க, சின்ன உருளை சுத்துற ரோலர் வகையா, பீங்கான் வளையம் வச்ச ரிங் வகையா? பாதி பேரைக் கேட்டா "பெரிய மீனுன்னா ரோலர்தான், இதுல என்ன யோசனை"ம்பாங்க. மீதி பேரு "ரோலரெல்லாம் அந்தக் காலம்பா, பிரெய்டு வந்த பிறகு எவன் போடுறான்"ம்பாங்க. ரெண்டு பக்கமும் பாதி பாதி சரி. என்னைக் கேட்டா, ரீல்ல சுத்தியிருக்கிறது ஒத்தை இழை நைலான் தங்கூஸா, பின்னல் லைனான பிரெய்டா, கரைக்கு வந்ததும் நீங்க ராடைக் கழுவுற ஆளா இல்ல ஈரத்தோட மூலைல சாத்திட்டு தூங்கப் போற ஆளா, இந்த ரெண்டுக்கும் மனசாட்சியோட பதில் சொல்லிட்டா முக்கால்வாசி முடிவாயிடும்.

முதல்ல ரோலர் எதுக்குன்னு பாத்துடலாம். ராடு வளையும்போது லைனும் கைடுங்க மேல வளைஞ்சுதான் போகுது, வளையுற இடத்துல எல்லாம் உராயுது. லைன் மொத்தமா 90 டிகிரி திரும்புதுன்னு வைங்க, உராய்வு எண் 0.1ன்னு வச்சுக்கிட்டா, ரீல்ல நீங்க 10 கிலோ டிராக் (லைன் வெளிய ஓடுறதைப் பிடிக்கிற பிரேக்) வச்சிருந்தாலும் மீன் கிட்ட இருக்கிற லைன்ல கிட்டத்தட்ட 11.7 கிலோ ஏறிடும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, உராய்வு கைடோட எண்ணிக்கையைப் பொறுத்தது இல்ல, லைன் மொத்தமா எவ்வளவு திரும்புதுங்கறதைப் பொறுத்தது. அதனால "கைடு அதிகமா போட்டா உராய்வு ஏறும்"னு பயந்து ஒண்ணு ரெண்டைக் குறைக்கிறது வீண் வேலை, குறைச்சா ஒவ்வொரு கைடுலயும் திருப்பம்தான் கூர்மையாகும், ராடோட தண்டான பிளாங்க் மேலயே லைன் உரசவும் ஆரம்பிச்சிடும். ரோலர் இந்த உராய்வைத்தான் சுழற்சியா மாத்தி விடுது. ஒழுங்கா சுத்துற ரோலர் முன்னாடி எந்த ரிங்கும் நிக்க முடியாது, அதை ஒத்துக்கணும்.

ஆனா அந்த "ஒழுங்கா சுத்துற"ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. கை மாறி வந்த 37 கிலோ கிளாஸ் ராடு ஒண்ணு, அதாவது 80 பவுண்டு லைனுக்கானது, எல்லாமே ரோலர், பாக்க ராஜா மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை கடலுக்குப் போனப்ப நல்ல சூரை ஒண்ணு ஏறி, மூணாவது ஓட்டத்துல தங்கூஸ் பட்டுனு போச்சு. கரைக்கு வந்து மிச்ச லைனை விரல்ல விட்டுப் பாத்தா ஒரு பக்கம் மட்டும் சொரசொரன்னு இருக்கு. டிப்போட, அதாவது நுனிக் கைடோட, ரோலர் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழட்டினேன், அதுவே கால் மணி நேரம் அடம் பிடிச்சுது, உள்ள கிரீஸ் இருக்க வேண்டிய இடத்துல உப்பும் பச்சைக் களிம்பும் சேர்ந்து பழைய பற்பசை மாதிரி இறுகிப் போயிருக்கு. ரோலர் சுத்தாம நின்ன இடத்துலயே லைன் இழுபட்டு இழுபட்டு நகத்தால தொட்டா தெரியுற அளவு ஒரு கோடு விழுந்திருந்துச்சு. வாங்கினதும் கழட்டிப் பாக்காம விட்டது என் தப்புதான், வேற யாரையும் சொல்ல முடியாது. சுத்தாத ரோலர்னா அது வெறும் மட்டமான இரும்பு ரிங், அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து கடலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரோலரையும் விரலால ஒரு தள்ளு தள்ளிப் பாக்காம ராடை எடுக்கிறதில்ல.

ரோலர் கைடுன்னாலே நிறைய பேருக்கு ஞாபகம் வர்ற பேரு ஆஃப்ட்கோ, 1958லேர்ந்து இருக்கிற கம்பெனி. வின்ட்-ஆன்னு ஒரு வகை இருக்கு, வாய் கொஞ்சம் அகலமா இருக்கும், தடியான லீடரோட (தூண்டில் பக்கம் கட்டுற கனமான லைன்) இணைப்பு லூப் தட்டாம உள்ள வந்து ரீல்ல ஏறும். கனமான லீடர் போட்டு, ஓடுற படகுக்குப் பின்னாடி தூண்டிலை இழுத்துக்கிட்டு ட்ரோலிங் பண்றவங்க அதைத்தான் பாக்கணும், சாதா ரோலர்ல லூப் வந்து முட்டுற அந்த ஒரு நொடியில மீன் போயிடும். சில ரோலர் புஷ்ஷிங்ல, அதாவது வழவழப்பான சின்னக் குழாய் மேல சுத்தும், சிலது குண்டு வச்ச பேரிங்ல. பேரிங் புதுசுல வெண்ணெய் மாதிரி ஓடும், உப்புத் தண்ணி உள்ள போனா சீக்கிரம் படுத்துடும், புஷ்ஷிங் அவ்வளவு வழவழப்பு இல்லாட்டாலும் கொஞ்சம் அலட்சியத்தைப் பொறுத்துக்கும்.

இப்ப பிரெய்டு. இங்கதான் ரோலர் கட்சி தோக்குது. மெல்லிசான பிரெய்டு ரோலருக்கும் பக்கவாட்டுத் தகடுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளில போய் மாட்டும், மாட்டினா அறுந்துதான் வரும். தங்கூஸ் தடியா இருக்கறதால அதுக்கு இந்தப் பிரச்சனை கிடையாது. அப்புறம் பாப்பிங் (தண்ணி மேல தெறிக்கிற பொய் இரையை வீசி இழுக்கிறது), ஜிக்கிங் (கனமான பொய் இரையை ஆழத்துல இறக்கி ஆட்டுறது) பண்றவங்க ராடை நாள் பூரா வீசி ஆட்டிக்கிட்டே இருக்கணும், நுனியில அவ்வளவு வெயிட்டைத் தொங்க விட்டா ராடு செத்த மாதிரி ஆடும், தோளும் போயிடும். ஸ்பின்னிங் ரீலுக்கு ரோலர்ங்கற பேச்சே கிடையாது, லைன் சுருள் சுருளா வரும், பெரிய ரிங் ஒண்ணுதான் அதை அடக்கும்.

சரி ரிங்னு முடிவாச்சு, எந்த ரிங்? உள்ள இருக்கிற பீங்கான் வளையம்தான் விஷயம். அலுமினியம் ஆக்சைடு மலிவு, கடினத்தை அளக்குற மோஸ் அளவுல 9 வரும், தங்கூஸுக்கு ஒரு குறையும் இல்ல. சிலிக்கான் கார்பைடு, எல்லாரும் எஸ்ஐசின்னு சொல்றது, 9.5 கிட்ட. கடினத்தை விட அது சூட்டைக் கடத்துற வேகம்தான் எனக்கு முக்கியமா படுது, அலுமினியம் ஆக்சைடை விட பல மடங்கு. ஏன்னா பிரெய்டு பாலிஎத்திலீன் நார், 145 டிகிரி சுத்துவட்டாரத்துலயே உருகிடும், நைலான் தங்கூஸ் 200 டிகிரி தாண்டியும் தாங்கும். பெரிய பாறை மீன் ஒண்ணு முழு டிராக்ல ஓடுறப்போ சூடு ஒரே இடத்துல தேங்கினா கஷ்டம் பிரெய்டுக்குத்தான். அதனால பிரெய்டுன்னா எஸ்ஐசி, இதுல நான் பேரம் பேச மாட்டேன். கைடு கம்பெனி ஃபூஜியோட அல்கோனைட் வளையம் நடுவாந்தரம், நல்ல உழைப்பு. அவங்களோட டார்சைட் இன்னும் மெல்லிசு, லேசு, ஆனா கனமான ராடுக்கு அந்த லேசுத்தனத்துக்கு அவ்வளவு காசு கொடுக்கணுமான்னு எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

ரிங்கோட பலவீனம், தட்டினா விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. காது குடையுற பட்ஸ் ஒண்ணை எடுத்து வளையத்துக்குள்ள மெதுவா ஒரு சுத்து சுத்துங்க, விரிசல் இருந்தா பஞ்சோட ஒரு இழை அங்க மாட்டி நிக்கும். அந்த ஒரு இழை நின்னுச்சுன்னா கைடை மாத்துங்க, "இன்னொரு தடவை பாத்துக்கலாம்" எல்லாம் வேணாம்.

வளையத்தைத் தாங்குற ஃப்ரேம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு கால் ஃப்ரேம் மட்டும்தான், ஒத்தைக் கால் கைடு எல்லாம் லேசான ராடுக்கு. ஸ்டீல்னா 316 ரகம், அதுல மாலிப்டினம் இருக்கறதால உப்புக்கு 304ஐ விட நல்லா நிக்கும். டைட்டானியம் துருவே பிடிக்காது, லேசு, விலைதான் முறைக்கும். துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியுற இடத்துல தொடங்காது, நூல் சுத்தியிருக்கிற காலுக்கு அடியில, மேல பூசின எபாக்சி பசை விரிஞ்ச சந்துலதான் தொடங்கும், அங்க பழுப்பு நிறம் எட்டிப் பாத்தா பிரிச்சுடுங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழியும் இருக்கு: ரீலுக்குப் பக்கத்துல ஒரு ரோலர், நுனியில ஒரு ரோலர், நடுவுல எல்லாம் ரிங். லைன் ரொம்ப திரும்புறது பெரும்பாலும் நுனியிலதான், 90 டிகிரி திரும்பினா 10 கிலோ இழுவைக்கு டிப் மேல மட்டும் 14 கிலோ அழுத்தும், அதனால அங்க ரோலர் வைக்கிறது அர்த்தமுள்ள செலவு. 24 கிலோ கிளாஸ்ல தங்கூஸ் போட்டு ட்ரோலிங் பண்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 37, 60 கிலோ கிளாஸ், நாற்காலில உக்காந்து மார்லினோட மல்லுக்கட்டுற ஆட்டம்னா முழுக்க ரோலர். மத்த எல்லாத்துக்கும் கனமான எஸ்ஐசி ரிங்.

கைடை மேல வச்சு கட்டினா ராடு முறுக்கப் பாக்கும், அதுக்காக சிலர் சுருளா திருப்பி அடிப்பக்கம் கொண்டு போய்க் கட்டுவாங்க. நல்ல யோசனைதான், ஆனா திரும்புற இடத்துல ரோலர் வைக்காதீங்க, லைன் சாய்வா ஏறி தகட்டைத் தின்னும். எலக்ட்ரிக் ரீல் போட்டு ஆழத்துல களவா தேடுறவங்களுக்கு லைன் போற திசைக்குத் தானா திரும்புற ஸ்விவல் டிப் தனியா கிடைக்குது, ராடு ஹோல்டர்லயே கிடக்கும்போது அது பெரிய உதவி.

டிப்பை மட்டும் எபாக்சி போட்டு ஒட்டிடாதீங்க. சூடு பண்ணா இளகுற பசைக் குச்சி போதும். அதே குழாய் அளவுல இன்னொரு டிப், ஒரு லைட்டர், பசைக் குச்சி மூணையும் பெட்டில போட்டு வச்சா படகுலயே அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். அளவு பாத்து வாங்குங்க, சிலது மில்லிமீட்டர்ல வரும், சிலது அங்குலத்துல 64ல ஒரு பங்கு கணக்குல வரும், ரெண்டையும் குழப்பிக்கிட்டு உள்ளயே நுழையாத டிப்பு ஒண்ணு என் பெட்டில இன்னும் கிடக்கு.