பேண்டேஜ் மென்பொருள்: மரபணுத்தொகுதி வரைபடத்தைக் கண்ணால் பார்க்க

வைகைக் கரை மண்ணில் பிரித்த பாக்டீரியாவின் ரீடுகளை (டிஎன்ஏவைப் படித்துக் கிடைத்த குட்டித் துண்டுகள்) ஸ்பேட்ஸில் (அவற்றை ஒட்டிச் சேர்க்கும் மென்பொருள்) ஓட்டிவிட்டு, காண்டிக்ஸ் (ஒட்டிக் கிடைத்த நீண்ட துண்டுகள்) உள்ள ஃபாஸ்டா எழுத்துக் கோப்போடு நிறுத்திக்கொள்ளும் மதுரை ஆய்வு மாணவர்களுக்கு இந்த இலவச மென்பொருளைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். 2015-இல் வெளியானது. சாதாரண லேப்டாப்பே போதும்.

ஃபாஸ்டாவையும் இது திறக்கும். ஆனால் துண்டுகள் இணைப்பே இல்லாமல் கோடு கோடாகக் கிடக்கும். துண்டுகளின் இணைப்புகளும் பதிவாகியிருக்கும் ஜிஎஃப்ஏ கோப்பைக் கொடுங்கள். லோட் செய்தபின் 'டிரா கிராஃப்' அழுத்தினால்தான் படம் வரும்.

பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ) தேடுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரு துண்டு தனியாக மூடிய வளையமாக நின்று, அதன் ஆழமும் (ஓர் இடம் சராசரியாக எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற எண்) குரோமோசோமைவிடக் கூடுதலாக இருந்தால் பிளாஸ்மிடாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரிசையை எடுக்கும்போது கவனம்: கே (ஸ்பேட்ஸ் ரீடுகளை நறுக்கிப் பார்க்கும் துண்டின் நீளம்) 77 என்றால் முதல் 77 எழுத்துகளே கடைசியிலும் திரும்ப வரும். ஒரு பக்கம் வெட்டாமல் விட்டால் நீளம் தப்பாகும்.

காண்டிக் பெயரில் வரும் 'கவ்' எண்ணை ரீடு ஆழம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள், அது கே-மர் (கே எழுத்து நீளத் துண்டு) ஆழம். 150 எழுத்து ரீடு, கே 77 என்றால் 150-ஆல் பெருக்கி 74-ஆல் வகுக்க வேண்டும். கே-மர் ஆழம் 37 என்பது உண்மையில் ரீடு ஆழம் 75.

குறைகள்: பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் மென்பொருள்) தேடலுக்கு அந்த மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். மல்லிகை போன்ற தாவரத்தின் பெரிய வரைபடத்தை முழுதாக வரையச் சொன்னால் திணறும். வேண்டிய கணுவைச் (வரைபடத்தில் ஒரு துண்டு) சுற்றி மட்டும் வரையுங்கள். வரைபடத்தில் கணுக்களுக்கு வெறும் எண்கள்தான் இருக்கும், காண்டிக் பெயரோடு பொருத்த ஸ்பேட்ஸ் தரும் 'பாத்ஸ்' கோப்பு தேவை. அதை அழித்துவிடாதீர்கள்.