பழைய பிலிம் கேமரா: பென்டாக்ஸ் கே1000-ஆ, கேனான் ஏஇ-1-ஆ?

அப்பா பீரோவில் ஒன்று, மாமா வீட்டுப் பரணில் ஒன்று. இரண்டையும் ரிப்பேர் பார்த்து சென்னையில் ராயபுரம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு சுற்றினேன். இரண்டுமே 1976-இல் வந்தவை.

பேட்டரி
கே1000: வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், தீர்ந்தாலும் ஷட்டர் (பிலிமுக்கு வெளிச்சம் விடும் திரை) அடிக்கும். ஆனால் ஆஃப் சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டால் மீட்டர் பேட்டரியைத் தின்னும், லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள்.
ஏஇ-1: 6 வோல்ட் பேட்டரி போனால் ஷட்டரே நகராது. விடிகாலையில் விசைப்படகுகள் கரை சேர்ந்து ஏலம் சூடுபிடித்த நேரத்தில் எனக்கு அதுதான் நடந்தது. வஞ்சிரக் கூடையோடு நின்ற அக்கா, "எடுத்துட்டியா தம்பி?" என்று கேட்டது இன்னும் மனதை உறுத்துகிறது.

எளிமை
ஏஇ-1: ஷட்டர் வேகத்தை வைத்தால் போதும், அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) அதுவே பார்த்துக்கொள்ளும்.
கே1000: உள்ளே தெரியும் மீட்டர் ஊசி நடுவுக்கு வரும்வரை இரண்டையும் நாமே திருக வேண்டும்.

ரிப்பேர்
கே1000: ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், கைதேர்ந்த மெக்கானிக் போதும்.
ஏஇ-1: எண்ணெய் வற்றினால் கீச்சென்று கத்தும், அதைச் சரிசெய்யலாம். சர்க்யூட் போனால் இன்னொரு பழைய ஏஇ-1-இலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும்.

இரண்டிலும் பின்கதவு ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று கரைந்திருந்தது. மாற்றாமல் போட்ட முதல் ரோல் முழுக்க வெளிச்சக் கோடுகள். அப்புறம், நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பிலிம், கழுவும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஓடியாடும் பிள்ளைகளை எடுக்க ஏஇ-1 சரி, பையில் இன்னொரு பேட்டரியோடு. துறைமுகத்துக்கும், 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் தூண்களை நின்று நிதானமாக எடுக்கவும் கே1000-தான்.