பழைய செங்கல் சுவருக்குக் கெமிக்கல் ஆங்கர்: எங்கே நம்பலாம்?

நிலநடுக்கத்தில் பழைய செங்கல் கட்டடத்துக்கு முதல் ஆபத்து, தளத்தோடும் கூரையோடும் பிணைப்பில்லாத சுவர் வெளிப்பக்கமாகச் சாய்வதுதான். 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கம் வந்தபோது தெருவில் போனவர்கள் மீது விழுந்தவை இப்படிப்பட்ட முகப்புகளும் கைப்பிடிச் சுவர்களும்தான். சுவரில் துளையிட்டுப் பசை செலுத்தி, மரைக் கம்பியைச் செருகி, அதைத் தளத்து உத்தரத்தோடு இணைப்பதுதான் கெமிக்கல் ஆங்கர். அதற்கான பசைக் குப்பியே இந்த 300 மில்லி கார்ட்ரிட்ஜ்.

பசையில் குறையில்லை. கெட்டிச் செங்கல்லில் உறுதியாகப் பிடிக்கிறது. ஆனால் பெட்டியில் இருக்கும் சுமை அட்டவணை பெரும்பாலும் கான்கிரீட்டுக்கானது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் பசை விடும் முன்பே செங்கல் பெயர்ந்து வந்துவிடும். அதனால் ஒரே செங்கல்லோடு நிற்காமல், 200 மி.மீ. ஆழமாவது போக வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் துளையில்தான். செங்கல் தூள் மாவு போல ஓரமெங்கும் ஒட்டியிருக்கும். அதன்மேல் பசை விட்டால் பிடிப்பது தூளைத்தான். காற்றுப் பம்பின் குழாயைத் துளையின் அடிவரை விட்டு ஊதுங்கள், கம்பித் தூரிகையால் தேயுங்கள், மறுபடி ஊதுங்கள். தூள் வருவது நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். வாயால் ஊதினால் ஈரம் சேரும், கூடவே கூடாது. பசையின் இரு பாகங்களும் நாசிலில்தான் கலக்கின்றன; அதில் முதலில் இரு நிறமாக வருவதைக் கொட்டிவிட்டு, ஒரே நிறமான பிறகே துளைக்குள் செலுத்துங்கள். அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, கம்பியைச் சுழற்றியபடி செருக வேண்டும்.

12 மி.மீ. கம்பி, 14 மி.மீ. துளை, 200 மி.மீ. ஆழம் என்றால் துளைக்குச் சுமார் 20 மில்லி. கணக்குப்படி 15 துளை. வீணாவதைச் சேர்த்தால் பத்து, பன்னிரண்டுதான் தேறும். இரு அடுக்குச் சுவரின் நடுவே இடைவெளி இருந்தால் பசை உள்ளே ஓடிவிடும். அங்கே வலை ஸ்லீவ் (பசையைப் பிடித்து வைக்கும் வலைக் குழல்) கட்டாயம், துளையும் ஸ்லீவ் அளவுக்குப் பெரிதாக வேண்டும். ஹேமர் மோடில் (அடித்துத் துளைக்கும் முறையில்) துளையிட்டால் மெலிந்த செங்கல் பின்பக்கம் உடையும், சுழற்சி மட்டும் போதும்.

வினைல் எஸ்டர் வகைப் பசை 20 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறுகும், எபாக்ஸி வகைப் பசைக்குப் பல மணி நேரம் ஆகும். குளிரில் இரண்டுமே தாமதமாகும். அதற்குள் நட்டை முறுக்கக் கூடாது.

வெளிப்பக்கம் எட்ட முடிந்தால், சுவரை ஊடுருவும் போல்ட்டும் பெரிய தகடும்தான் எங்கள் முதல் தேர்வு. மேலே எடையில்லாத கைப்பிடிச் சுவரில் ஆங்கரை மட்டும் நம்பாதீர்கள், பின்னால் எஃகுத் தாங்கியும் வேண்டும். மற்ற இடங்களுக்கு இதை வாங்கலாம். மொத்தமாக வாங்கும் முன் அதே சுவரில் சிலவற்றைப் பதித்து, இழுவைச் சோதனை செய்துவிட்டு வாங்குங்கள்.