பழைய படகில் குடியிருக்க: மரமா, பைபரா?

கொழும்பு வெள்ளவத்தை வாடகையைக் கேட்டுத் தலைசுற்றி, படகிலேயே குடியேறலாம் என்று நினைப்பவர் முதலில் மரப்படகில்தான் மயங்குவார். உள்ளே வெக்கை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் மரத்தை இற்றுப்போக வைப்பது பெரும்பாலும் மழைநீர். தளப்பலகை இடுக்கில் இறங்கித் தங்கிவிடும். ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். ஊறிய பிஸ்கட் போல உள்ளே போனால் பேரம் பேசாமல் கரையேறிவிடுங்கள். அடியில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு வேறு.

பைபர் படகு வெயிலில் அடுப்புதான். சரி, விசிறி போடலாம். தளத்தைச் சில்லறைக் காசால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம். புதியவருக்கு என் ஓட்டு பைபருக்குத்தான்.

எதுவானாலும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. திறந்த கடலோரம் வேண்டாம், கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரிப்பக்கம் பாருங்கள். அப்புறம், நீங்கள் போகுமுன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்; ஆறிய எஞ்சின் கிளம்பச் சிரமப்படுவதை மறைக்கவாக இருக்கலாம்.