ரீப்பர் 7: அம்மன் பாட்டுக்கும் கூத்துப் பதிவுக்கும் ஆட்டோமேஷன் எழுத எப்படி?

வேலூர், ஆற்காடு பக்கம் ஆடி மாத அம்மன் பாட்டோ, அக்னி வசந்த விழாவில் எடுத்த பாரதக் கூத்துப் பதிவோ மிக்ஸுக்கு வந்தால், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் போக முடியாது. கட்டியங்காரன் மைக்குக்குள் கத்துவார், அடுத்த வரியில் திரும்பி நின்று பேசுவார். குரல் தெளிவாகக் கேட்க வேண்டிய இடத்தில் முகவீணை (சிறு நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி) காதைக் குத்தும். இந்த ஏற்ற இறக்கத்தை எழுதிவைத்து, பாட்டு ஓடும்போது தானாக நடக்கவிடுவதே ஆட்டோமேஷன். இந்த வேலைக்கு ஒலிப்பதிவு, மிக்ஸிங் மென்பொருளான ரீப்பர் 7 எப்படி என்று மட்டும் பார்ப்போம். கொடுக்கும் காசுக்கு மிக நல்ல மென்பொருள், ஆனால் ஆரம்பத்தில் நன்றாகக் குழப்பும்.

குழப்பத்துக்குக் காரணம் ட்ரிம்/ரீட் மோடு. எந்த ட்ராக்கும் (ஒரு குரல் அல்லது கருவியின் தனித் தடம்) முதலில் இதில்தான் இருக்கும். என்வலப் கோடு (எழுதிய ஆட்டோமேஷனைக் காட்டும் கோடு) −3 டெசிபல், ஃபேடர் −2 என்றால் வெளியே வருவது −5. சத்தம் ஏறி இறங்கும், ஃபேடர் மட்டும் அசையாது. ட்ராக்கில் உள்ள ட்ரிம் பட்டனில் வலது கிளிக் செய்து ரீடுக்கு மாற்றினால் ஃபேடர் கோட்டோடு சேர்ந்து நகரும். எழுதுவதற்கு டச் மோடு போதும்: ஃபேடரைப் பிடித்திருக்கும் வரை எழுதும், விட்டால் பழைய கோட்டுக்கே மெல்லத் திரும்பும். லாட்ச், விட்ட மதிப்பிலேயே ப்ளே நிற்கும் வரை எழுதிக்கொண்டு போகும். ரைட் மோடு பக்கம் போகவே வேண்டாம். ப்ளே அழுத்திய நொடியிலிருந்து, ஆர்ம் ஆகியிருக்கும் (எழுதத் தயாராக வைத்திருக்கும்) எல்லாக் கோட்டையும், கை வைக்காத பேன் (இடம்-வலம்) கோடு உட்பட, அழித்து மேலே எழுதும்.

ரீப்பரின் உண்மையான பலம் லாட்ச் ப்ரிவியூ. ஒரு பகுதியை லூப்பில் ஓடவிட்டு ஃபேடர்களை இஷ்டத்துக்கு நகர்த்தலாம், எதுவும் பதிவாகாது. ஆர்மோனியம் 2 டெசிபல் இறங்கி, மிருதங்கம் 1 ஏறி, சரியாக உட்கார்ந்ததும் ஆக்‌ஷன் பட்டியலில் உள்ள கட்டளையால் தேர்ந்தெடுத்த நேரப் பகுதிக்கு மட்டும் அந்த மதிப்புகளை எழுதிவிடலாம். மவுஸை மட்டும் வைத்து மிக்ஸ் செய்பவருக்கு இதுவே பெரிய வரம்.

கூத்துக் குரலுக்கு வி கீயை அழுத்தினால் வரும் வால்யூம் கோடு உதவாது, காரணம் அது எஃபெக்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கத்தல் முழு வேகத்தில், உரத்த சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸருக்குள் போய் நசுங்கும், அந்த அமுக்கம் தளரும் நேரமான ரிலீஸ் முடியும் வரை அடுத்த இரண்டு சொல்லும் அமுங்கிக் கிடக்கும். பிறகு ஃபேடரை இறக்கி என்ன பயன்? ட்ரிம் பட்டனை இடது கிளிக் செய்தால் வரும் ஜன்னலில் எஃபெக்ட்டுகளுக்கு முன்னால் இருக்கும் ப்ரீ-எஃப்எக்ஸ் வால்யூமைத் திறந்து, கத்தும் சொற்களை 4 முதல் 6 டெசிபல் வரை அங்கேயே இறக்க வேண்டும். ஷிஃப்ட் பிடித்துக் கிளிக் செய்தால் புள்ளி விழும், ஆல்ட் கிளிக் அழிக்கும். சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு புள்ளி. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் 10, 20 மில்லி விநாடி சரிவு விடுங்கள், செங்குத்தாக இறக்கினால் ‘டிக்’ என்று கேட்கும்.

அம்மன் பாட்டில் வரியின் கடைசி ‘தாயே’ மட்டும் எதிரொலிக்க வேண்டுமென்றால், எதிரொலி தரும் டிலே ட்ராக்குக்கு ஒலியை அனுப்பும் சென்டின் வால்யூமை முழுக்க மூடிவைத்து, அந்தச் சொல்லுக்கு மட்டும் −8 அளவில் திறந்து மூடுங்கள். புள்ளிகளின் வடிவம் ஸ்கொயர் (சரிவில்லாமல் சட்டென மாறுவது), சொல்லிடைவெளியில் வைத்தால் பிசிறு வராது. சென்ட் மூடினாலும் டிலேயின் வால் தானாக ஓய்ந்து முடியும். திரும்பத் திரும்ப வரும் பல்லவிக்கு, 2017-இல் 5.50 பதிப்பில் வந்த ஆட்டோமேஷன் ஐட்டம் வசதி (கோட்டின் ஒரு பகுதியைத் தனித் துண்டாக்குவது) கைகொடுக்கும்: பூல் நகலாக, அதாவது ஒன்றோடொன்று இணைந்த நகலாக, ஒட்டினால் ஒன்றைத் திருத்த, எல்லாம் திருந்தும்.

எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு. கூத்தில் ஒரு காட்சியை வெட்டி எடுத்தால், டூல்பாரில் என்வலப் புள்ளிகள் ஐட்டத்தோடு (ட்ராக்கில் உள்ள ஒலித் துண்டோடு) நகரும் பட்டன் அணைந்திருந்தால் கோடுகள் பழைய இடத்திலேயே கிடக்கும், அதற்குப் பின் மிக்ஸ் மொத்தமும் தப்பு. வெட்டும் வேலையை முழுக்க முடித்துவிட்டு ஆட்டோமேஷனுக்குப் போவதே புத்திசாலித்தனம். டச்சில் எழுதினால் புள்ளிகள் எறும்புப் புற்றாகக் குவிவதும் உண்டு, புள்ளி குறைக்கும் கட்டளையை ஒருமுறை ஓட்டினால்தான் பிறகு கையால் திருத்த முடியும். மெனுக்களோ, தேடுபவனைச் சோதிப்பதற்கென்றே அடுக்கியது மாதிரி இருக்கும்.

சொந்த உபயோகத்துக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலர் தாண்டாத தொழிலுக்கும் உரிமம் 60 டாலர், அதற்கு மேல் 225. இப்போது வாங்கினால் 8.99 பதிப்பு வரை செல்லும். முதல் 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். மவுஸ் சலித்தவர்கள் எக்ஸ்-டச் ஒன் போல ஒற்றை மோட்டார் ஃபேடர் உள்ள கருவியை மேக்கி கன்ட்ரோல் என்ற, வெளிக் கருவியால் மென்பொருளை இயக்கும் முறையில் இணைக்கலாம். டச் மோடில் விரல் எடுத்ததும் ஃபேடர் தானே நகர்ந்து கோட்டைப் பிடிக்கும்.