டைம் டேபிளா, வாரக் கணக்கா? கல்லூரிக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிப்பவர்களுக்கு

கல்லூரியில் படித்துக்கொண்டே, டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு வேலைத் தேர்வான குரூப் 4-க்கும் தயாராகிறவர்கள் பலர் முதலில் செய்யும் வேலை, சார்ட் பேப்பர் வாங்கி டைம் டேபிள் போடுவது. காலை 4.30 முதல் 6 வரை தமிழ், இரவு 8 முதல் 9.30 வரை கணக்கு. பாடத்துக்கு ஒரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா வேறு. திங்களும் செவ்வாயும் ஓடிவிடும். புதன்கிழமை இன்டர்னல் வரும். இல்லையென்றால் சித்தப்பா வீட்டில் வளைகாப்பு. அன்றைக்கு விட்டுப்போன ஒன்றரை மணி நேரத்தை வைக்க அந்தச் சார்ட்டில் இடமே கிடையாது. கோளாறு அங்கேதான். சோம்பேறித்தனத்தின் மேல் பழி போடுவது அநியாயம்.

இன்னொரு வழி வாரக் கணக்கு. அதில் மணியே எழுதுவதில்லை, அந்த வாரத்துக்கான பாடத்தின் அளவை மட்டும் எழுதுகிறோம். இந்த வாரம் எட்டாம் வகுப்புத் தமிழில் மூன்று இயல், அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள், தனிவட்டி கூட்டுவட்டியில் 50 கணக்கு. எப்போது என்பதை அந்தந்த நாள் பார்த்துக்கொள்ளும். பஸ்ஸில் சீட் கிடைத்தால் இலக்கணக் குறிப்பு. கடைசி பீரியட் ஃப்ரீ என்றால் நாலு கணக்கு. விட்டது அடுத்த நாளைக்குப் போகும், அழியாது.

இதிலும் ஓட்டை உண்டு. எல்லாம் சனிக்கிழமை தலையில் வந்து விழும். பிடித்த பாடம் மட்டும் முடிந்திருக்கும். குப்தர்களை நான்கு முறை படித்துவிட்டு சதவீதக் கணக்கைத் தொடாதவர்களை எந்தப் படிப்பு வட்டத்திலும் பார்க்கலாம்.

அதனால் அளவை மதிப்பெண் பார்த்துப் பிரிக்க வேண்டும். தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ்; அந்த 150-க்கு 60 எடுக்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கு வரும் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விதான், 37.5 மதிப்பெண். டைம் டேபிள் போடும்போது பெரும்பாலும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு கட்டம் கட்டிவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கும், தேர்வுக்குப் பொருந்தாது.

ரிவிஷன் விஷயத்திலும் எனக்கு வாரக் கணக்குதான் வசதி. இந்த வாரம் படித்ததை அடுத்த வாரப் பட்டியலில் கேள்விகளாக எழுதி, புத்தகத்தை மூடிவைத்துப் பதில் சொல்லிப் பார்க்கலாம். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். புத்தகத்தில் மஞ்சள் கோடு இழுப்பதில் வரும் திருப்தியை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

பொமோடோரோவை மூன்றாவது வழியாகச் சொல்பவர்கள் உண்டு. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து 1980-களின் இறுதியில் உருவாக்கியது: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்குப் பின் நீண்ட ஓய்வு. மற்ற இரண்டோடு இதை நான் ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். உட்கார வைக்கும், அவ்வளவுதான். என்ன படிப்பது என்று சொல்லாது. கல்லூரி முடிந்து அலுப்பாக வரும் மாலைக்கு நல்லது. ஆனால் தேர்வில் மூன்று மணி நேரம் எழாமல் உட்கார வேண்டும். கடைசி மாதத்தில் டைமரை எடுத்துவைத்துவிடலாம்.

படிப்பை முடித்துவிட்டு, நாள் முழுக்க நூலகத்தில் உட்கார முடிகிறவருக்கு டைம் டேபிளே போதும். அவர் நேரத்தைப் பிடுங்க ஆள் குறைவு. கல்லூரி மாணவருக்கு வாரக் கணக்கு, அதோடு இரண்டே இரண்டு நிலையான நேரம். ஒன்று, தினமும் காலையில் அரை மணி நேரம் கணக்கு, ஏனென்றால் தள்ளிப்போடுவதில் அதுதான் முதலிடம். இன்னொன்று, ஞாயிறு காலை மாடல் டெஸ்ட். குரூப் 4 நடப்பது 9.30 முதல் 12.30 வரை, இதையும் அதே நேரத்தில், ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பேனாவால் எழுதுங்கள். ஞாயிறு மாலையில் எதையும் போடாதீர்கள். புதன்கிழமை விட்டது அங்கே வந்து உட்காரட்டும்.